மைக்காரர் வீட்டு மதர்போர்டு

ஊர்க் கம்ப்யூட்டருக்கெல்லாம் உயிர் கொடுக்கிற சர்வீஸ் அக்காவின் சொந்த வீட்டுக் கம்ப்யூட்டர், மூன்றாவது முறையாகச் செத்துக் கிடந்தது. கடைக்கு வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "அக்கா, உங்க வீட்டு மெஷினப் பாக்க நல்ல மெக்கானிக்கா ஒருத்தர அனுப்பவா?" என்று கேட்டார்கள். அக்காவும் சிரித்து வைத்தாள். உள்ளுக்குள் எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? அது வெறும் மெஷின் இல்லை, அவள் புருஷனின் குரல். அந்த மனுஷன் ஒரு காலத்தில் கடைத்தெருவில் மைக் பிடித்து விளம்பரம் சொன்னவர்; ஊருக்கே அவர் மைக்காரர்தான். வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். பாழாய்ப்போன நோய் தொண்டையில் வந்து, ஆபரேஷனோடு பேச்சு போயிற்று. உயிர் மிஞ்சியதே பெரிசு. இப்போது அவர் விசைப்பலகையில் தட்டுவார், கம்ப்யூட்டர் அதை உரக்கப் படிக்கும். போனிலும் முயன்று பார்த்தார். அந்தப் பொடி எழுத்து அவர் கண்ணுக்கும் தடித்த விரலுக்கும் ஒத்துவரவில்லை. மெஷின் நின்றுபோனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டார்.

முதல் மதர்போர்டு போனபோது அக்கா பழைய பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டு மாற்றினாள். இரண்டாவது போனபோது திறந்து பார்த்தால், கெபாசிட்டர்கள் தலை உப்பி நின்றன. சூடு தாங்காமல் உப்பியவை. "அகப்பட்டாயா திருடா!" என்று மூன்றாவது போர்டோடு ஒரு பெரிய ஃபேனையும் பொருத்தினாள். கடை மேசையில் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தாள். தொட்டால் சில்லென்று இருந்தது. நம்பி வீட்டுக்குக் கொண்டுபோனாள். முன்னைவிடச் சீக்கிரமாக அதுவும் மண்டையைப் போட்டது.

நான்காவது போர்டை விற்றவர் கையை விரித்துவிட்டார். "இதான்க்கா கடைசி. இந்த மாடல் இனிமே எங்கயும் கிடைக்காது." புது மெஷின் வாங்க இப்போதைக்கு வழியில்லை. அதைப் பொருத்திய நாளிலிருந்து, அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் அக்கா. அவள் பார்க்கும்போதெல்லாம் அது சமர்த்தாகத்தான் ஓடியது.

ஒரு மத்தியானம் காய்ச்சலோடு கடையைச் சாத்திவிட்டு வந்து படுத்தாள். ஒற்றை அறை வீடு. கட்டிலுக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர். வெளியூரில் இருக்கும் மகளுக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார் மைக்காரர். பெரிய ஃபேன் மாவு மில் போல இரைந்தது. அக்கா கண்ணை மூடியிருந்தாளே தவிர, உடம்பு வலியில் தூக்கம் வரவில்லை. திடீரென்று இரைச்சல் அமுங்கியது. ஐயோ, இதுவும் போச்சா என்று கண்ணைத் திறந்தாள்.

போகவில்லை. மைக்காரர் தன் தலையணையை எடுத்து, கேபினட்டின் பின்பக்கம் காற்று வெளியேறும் இடத்தில் வைத்து நன்றாக அமுக்கிவிட்டு, சத்தமில்லாமல் நாற்காலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. அவள் தூங்கும்போதெல்லாம் தலையணை வைத்திருக்கிறார். அவள் புரண்டு படுத்தால் எடுத்திருக்கிறார். அவள் பெரிய ஃபேன் போட்டாள், சத்தம் கூடியது, அவர் இன்னும் இறுக்கி அடைத்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

"ஐயோ, என்னங்க பண்றீங்க! இத்தன நாளா மூச்ச அடச்சுக் கொன்னது நீங்கதானா?" என்று பாய்ந்துபோய்த் தலையணையை உருவினாள். கேபினட்டின் முதுகில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

அவர் திருட்டு முழி முழித்தார். பிறகு உட்கார்ந்து மெதுவாகத் தட்டினார். ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் கம்ப்யூட்டர் படித்தது: "நாள் பூரா உழைச்சுட்டு வர்ற. இந்தச் சத்தத்துல உன் தூக்கம் கெட்டுடுமேன்னுதான்."

மூன்று போர்டைத் தின்ற மனுஷனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்றுதான் எழுந்தாள். அழுகைதான் வந்தது.

"இந்தச் சத்தமாங்க எனக்குத் தொந்தரவு? மூணு தடவ இந்த வீடு பேச்சு மூச்சில்லாம கெடந்துச்சே, அப்பதான் நான் பொட்டுத் தூக்கம் தூங்கல."

மைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறேதோ தட்டத் தொடங்கினார். அக்கா அவருடைய தலையணையையும் சேர்த்துத் தன் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். ஃபேன் பழையபடி இரைந்தது.

"மாத்திரை போட்டியா?" என்று கம்ப்யூட்டர் உரக்கக் கேட்டபோது, அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.