பொட்டு வைத்த வரிச் சான்றிதழ்

அண்ணாமலை நகரில் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு நான் பிளாஸ்டிக் வாளியும் மக்கும் விற்ற கடையை மூடி பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூடியது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். வரி ஆபீசுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

சொல்வதென்றால் கடையின் வரிப் பதிவுச் சான்றிதழின் அசலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையில் பிள்ளையார் பக்கத்தில் மாட்டியிருந்தேன். ஆயுத பூஜைக்குப் பிள்ளையாருக்கு வைத்த பொட்டை அதற்கும் வைப்பேன். கற்பூரமும் காட்டுவேன். கடை போன பிறகு வீட்டுப் பூஜை அலமாரிக்கு வந்தது. கும்பிட்டதை எடுத்து ஆபீசில் கொடுக்க மனசு வரவில்லை.

போன மாதம் வரி ஆபீசிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கடை மூடிய பிறகும் இரண்டு வருஷம் நான் வாளி விற்றதாக மதிப்புப் போட்டு, வரி, அபராதம், வட்டி எல்லாம் சேர்த்திருந்தார்கள். உண்மையில் விற்றதைவிட அதில் வியாபாரம் ஜாஸ்தி. பதினைந்து நாளில் கட்டாவிட்டால் வீடு ஜப்தி என்றார்கள்.

"வீடு உங்க பேர்லதானே?" என்று ஒருவர் கேட்டார்.

"எல்லாம் அவ பேர்லதான் சார்," என்றார் மினிபஸ் ஓட்டும் என் வீட்டுக்காரர். "சமையல் மட்டும் என் பேர்ல."

மறுநாள் சட்டத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடலூர் வரி ஆபீசுக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "சாமி படமாம்மா? கீழ வைக்காதீங்க, மடியில வச்சுக்குங்க," என்றார். தலையாட்டினேன். கடலூர் வரை வரியை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

ஆபீசில் அதிகாரியம்மா மேசையில் துண்டைப் பிரித்தேன். பக்கத்தில் நின்ற உதவியாளர் சந்தனத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகுதான் படித்தார்.

"என்னம்மா இது?"

"கடை ஆர்.சி. மேடம், வரிப் பதிவு."

"அதுக்கு எதுக்குப் பொட்டு?"

"ஆயுத பூஜைக்கு."

அதிகாரியம்மா கோப்பைத் திறந்தார். "சரி, கடைய மூடுனதுக்கு ஆதாரம் இருக்கா?"

இல்லை என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீடு போய்விட்டது என்றே நினைத்தேன்.

அசலை எடுக்க உதவியாளர் சட்டத்தின் பின் ஆணிகளைப் பிடுங்கினார். அட்டைக்கும் சான்றிதழுக்கும் நடுவே மடித்த காகிதங்கள் விழுந்தன. எங்கள் வீட்டில் முக்கியமான காகிதம் எல்லாம் சாமி படத்துக்குப் பின்னால்தான் போகும். போனதை மறந்தும் விடுவோம். ஒன்று, கடை அட்வான்சைத் திருப்பித் தந்தபோது கட்டட உரிமையாளர் தேதி போட்டு எழுதிக் கொடுத்த சீட்டு. இன்னொன்று, கடை மின் இணைப்பைத் துண்டித்த ரசீது.

அதிகாரியம்மா இரண்டையும் படித்தார். "இத ஏன் முன்னாடியே தரல?"

"பிள்ளையார் பக்கத்துல மாட்டியிருந்துது மேடம்," என்றேன். அது பதிலே இல்லை. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மனு எழுதச் சொன்னார்; முடிவு வரும்வரை ஜப்தி நிற்கும் என்றார்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. அந்த இரண்டு வருஷ வரியும் ரத்து. தகவல் சொல்லாததற்கு மட்டும் சின்ன அபராதம். கட்டினேன். வீடு தப்பியது.

பூஜை அலமாரியில் சட்டம் காலியாக இருந்தது. "இந்த உத்தரவ மாட்டிடலாமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

மாட்டினேன், ஜெராக்ஸை. அசல் பீரோவில் இருக்கிறது. பொட்டு ஜெராக்ஸுக்குத்தான்.