இடப்பக்கம் வந்த லீவர்

யோருன், கிரிம்ஸ்டாட் என்ற கடலோர ஊரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருஷமாக லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவள். அவள் கணவன் ஹால்வர் குழாய் வேலை செய்தவன். படகுத்துறையில் என் படகுக்கு நேர் முன்னால்தான் அவர்களுடைய பதினேழடி மோட்டார் படகைக் கட்டுவார்கள். இன்ஜின் எண்ணெய் மாற்றுவது, அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடிப்பது எல்லாம் ஹால்வர்தான். யோருன் காபி பிளாஸ்க்கோடு வந்து உட்காருவாள், அவ்வளவே.

போன நவம்பரில் ஹால்வருக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பியது, பேச்சும் கொஞ்சம் குழறலோடு திரும்பியது. வலது கை மட்டும் வரவில்லை. படகின் லீவரோ ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம். முன்னால் தள்ளினால் படகு முன்னால் போகும், இழுத்தால் பின்னால். வேகமும் அதில்தான். மார்ச்சில் அவன், படகை விற்க ஒரு விளம்பரம் எழுதித் தரச் சொல்லி என் வீட்டுக்கு வந்தான்.

கூட வந்திருந்த யோருன், நான் எழுதிய தாளை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"லீவரை இடது பக்கம் மாத்திட்டாப் போச்சு."

"நீ ஸ்க்ரூ டிரைவரையே தலைகீழாப் பிடிப்பியே, யோருன்" என்றான் ஹால்வர்.

"நான் அரை மில்லிமீட்டர் பிசகினா, கண்ணாடி போட்டவனுக்குத் தலை சுத்தும். இதுவரைக்கும் யாருக்கும் சுத்தல."

நான்கு வார இறுதிகள் அவள், கரையேற்றி வைத்திருந்த படகின் தார்ப்பாய்க்குள் குனிந்து கிடந்தாள். பழைய கேபிள்கள் அரை மீட்டர் எட்டவில்லை, நீளமானவை வாங்கினாள். அட்டையில் மூன்று தடவை அளவு வெட்டிப் பார்த்த பிறகே டிரில்லைத் தொட்டாள். பழைய ஓட்டையை அலுமினியத் தகடு வைத்து மூடினாள். ஹால்வர் ஒருநாள்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.

மே மாதம் படகு தண்ணீரில் இறங்கிய அன்று, அவனை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தாள். நான் கயிற்றை அவிழ்த்தேன். இடது கையால் லீவரை முன்னால் தள்ளினான். படகு விருட்டென்று பின்னால் வந்து என் படகின் மூக்கில் மோதியது. ஒரு சாண் நீளத்துக்குக் கீறல்.

"முன்னாடிதான் தள்ளினேன்!"

"என்ன ஹால்வர், டென்மார்க்குக்குப் பின்பக்கமாவே போகப் போறியா?" என்றான் எதிர்த்துறை அர்ன்ஃபின். எல்லாரும் சிரித்தார்கள்.

ஹால்வர் சிரிக்கவில்லை. "அப்பவே வித்துடலாம்னு சொன்னேன்" என்று இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான்.

யோருனின் காது சிவந்துவிட்டது. லீவர் பெட்டியைக் கழற்றினாள். வலப்பக்கத்துக்கென்று செய்த பெட்டி. இடப்பக்கம் திருப்பி வைத்ததில் கியர் கேபிளும் எதிர்த்திசையில் இழுத்தது. அது அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்படி மாற்றுவது என்றுதான் தெரியவில்லை. கால்மணி நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கார் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஹால்வர் மெல்ல நடந்து வந்து கரையில் நின்றான்.

"உள்ள எதிர்ப்பக்கத்துல இன்னொரு துளை இருக்கும் பாரு. கேபிளைக் கழட்டி அதுல மாட்டு."

"கார்ல உக்காந்துக்கிட்டு உனக்கு என்ன தெரிஞ்சுது?"

"உன் முதுகைப் பாத்தேன். நீ திணறுறது தெரிஞ்சுது."

அவள் மாற்றி மாட்டினாள். இந்தத் தடவை கயிற்றை அவிழ்க்காமலே சோதித்தார்கள். லீவரைத் தள்ளினான், படகு கயிற்றை முன்னால் இழுத்தது. இரண்டு முறை திரும்பவும் தள்ளிப் பார்த்தபின், "அவுத்து விடு" என்று என்னிடம் சொன்னான்.

அன்று எதிர்த்தீவு வரை போய் வந்தார்கள். திரும்பி வந்து படகைத் துறையோரம் அணைக்க அவனுக்கு மூன்று முயற்சிகள் ஆயின. அந்தக் கோடையில் மழை இல்லாத நாட்களில் அவர்கள் துறையில் இருந்ததே குறைவு. செப்டம்பரில் இன்ஜின் எண்ணெயை யோருனே மாற்றினாள். ஹால்வர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் முறைக்கும்வரை யோசனை சொல்லிக்கொண்டிருந்தான்.