ரொட்டிக்காரம்மாவுக்கு அடித்த மணி

மணிக்காரருக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது அவருடைய மகள் என்னை வேலைக்குக் கூப்பிட்டாள். நான் நர்ஸ் இல்லை, முதியோர் பராமரிப்பில் பயிற்சி பெற்றவள் என்று முதல் நாளே சொன்னேன். அவர் கடைசிவரை "நர்ஸம்மா" என்றுதான் அழைத்தார். நானும் விட்டுவிட்டேன்.

மலைமேல் இருந்த ஓர் ஊரில் மாதா கோயில் மணி அடித்தவர் அவர். கல்குவாரியை நம்பி உண்டான ஊர். வரிசை வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு ரொட்டிக்கடை, அந்தக் கல்லிலேயே கட்டிய ஒரு கோயில். அந்தக் கோயிலுக்கென்று தனிப் பங்கு, தனிச் சாமியார். கீழே இருக்கும் நகரத்துக் கோயிலுக்குத் தாங்கள் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை என்று அந்த ஊர்க்காரர்களுக்கு நினைப்பு. மணிக்காரர் கோயிலைப் பெருக்குவார், மெழுகுவர்த்தி ஏற்றுவார், கல்லறைக் குழியும் வெட்டுவார். ஆனால் ஊர் அவரை அறிந்தது மணியால்தான். யாராவது இறந்தால், அவருடைய வயது எத்தனையோ அத்தனை அடி, நிதானமாக, இடைவெளி விட்டு அடிப்பார். குவாரியில் உளி பிடித்தவர்களும் அடுப்படியில் நின்றவர்களும் விரல்விட்டு எண்ணுவார்கள். எண்ணி முடிக்கும்போது போனது யார் என்று தெரிந்துவிடும். சின்ன ஊர்தானே.

குவாரியில் நல்ல கல் தீர்ந்தது. வேலை நின்றதும் இளவட்டங்கள் நகரத்துக்கு இறங்கினார்கள். பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடம் மூடியது. பஸ் குறைந்தது. சாமியாரையும் மாற்றிவிட்டார்கள், பூசைக்கு மட்டும் கீழேயிருந்து ஒருவர் வந்து போனார். மிஞ்சியவை சில வீடுகளும் ரொட்டிக்கடையும்.

கடையை நடத்தியவள் ஒரு விதவை. கை மாவைப் பிசையும், வாய் ஊரைப் பிசையும். ஒருநாள் அடுப்பின் முன்னால் மயங்கி விழுந்தாள். ஆம்புலன்ஸ் கொண்டு போயிற்று. பார்க்கப் போன அவளுடைய அக்கா மகன், நடைக்கூடத்தில் முகம்வரை போர்வை மூடிய சித்தியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவதைக் கண்டான். நேரே போனுக்கு ஓடி ஊருக்குச் செய்தி சொன்னான். உண்மையில் மூடிக்கொண்டது அவளேதான். எக்ஸ்ரேக்காகப் பல்செட்டைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள்; பொக்கை வாயோடு நாலு பேர் கண்ணில் பட அவளுக்கு மானக்கேடு. அவன் போர்வையை விலக்கிப் பார்த்திருக்கலாம். மணிக்காரரும் ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை. கயிற்றைப் பிடித்துவிட்டார்.

ஊர் எண்ணியது. ரொட்டியும் கிடைக்காத இடத்தில் இனி என்ன குடித்தனம் என்று அன்றைக்கே பேச்சு கிளம்பிற்று. போகலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தவர்கள் லாரி பேசினார்கள். அவள் குணமாகிப் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, சாமான் ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்தது. மேலே உட்கார்ந்திருந்தவர்கள் அவளைப் பார்த்து அலறினார்கள். அவர்களை அவள் மன்னித்துவிட்டாள். மணிக்காரரை மன்னிக்கவில்லை.

"என்னைக் கொன்னது போதாதுன்னு ஊரையும் சேத்துக் கொன்னுட்டான். அதுலயும் ரெண்டு வயசு கூட்டி அடிச்சிருக்கான், பாவி!"

போனவர்கள் திரும்பவில்லை. வாங்க ஆளில்லாமல் அவளும் கீழே இறங்கினாள். மறைமாவட்ட ஆயர் அந்தப் பங்கைக் கலைத்து நகரத்துப் பங்கோடு சேர்த்தார். மணி வேறெங்கோ போயிற்று. கடைசியாகக் கதவைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்தவர் மணிக்காரர். இப்போது கூரை உள்ளே விழுந்துவிட்டது என்கிறார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் நகரத்துக் கோயிலில் செய்த வேலையைத்தான் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வலப்பக்கப் பெஞ்சுகளில், மேலே எப்படி உட்கார்ந்தார்களோ அதே வரிசையில் உட்கார்ந்தார்கள். இறந்தவர்களின் இடத்தைக் காலியாகவே விட்டார்கள். நகரத்துக்காரர்கள் அங்கே உட்காரப் போனால் ஒரு இருமல் கேட்கும். அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

இந்த வரிசையில் மணிக்காரருக்கு இடமில்லை. மேலே அவர் உட்கார்ந்ததே கிடையாது. கடைசியில், கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றவர். இங்கே மணி மோட்டாரில் அடிக்கிறது, கயிறே இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சக்கர நாற்காலியை வாசல் தாழ்வாரத்தில் நிறுத்தச் சொல்வார். நானும் பக்கத்தில் நின்று காற்று வாங்குவேன்.

மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டியது. தாழ்வாரம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"டிவியில பூசை போடுறாங்கப்பா, வீட்டுலயே பாரு" என்றாள் மகள்.

"நடுவுல சோப்பு விளம்பரம் வருது. அதுக்கும் சிலுவை போட்டுக்கணுமா?"

"அப்ப உள்ள போய் உக்காரு. எவ்வளவு இடம் காலியா கிடக்கு."

"அது காலி இல்லம்மா. ஒவ்வொண்ணும் யாரோடதுன்னு எனக்குத் தெரியும். எல்லாருக்கும் அடிச்சவன் நான்."

சாப்பாடு குறைந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க இடுப்பு விடவில்லை என்பதால் கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். இப்படி ஆரம்பித்தவர்கள் சிலரை நான் பார்த்திருக்கிறேன். மருந்து கொடுத்துச் சரிசெய்கிற விஷயமில்லை. ஞாயிற்றுக்கிழமை உள்ளே உட்கார ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

நான் கோயிலுக்குப் போய்ப் பெஞ்சுகளை அளந்து பார்த்தேன். சக்கர நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, ஆளைத் தூக்கி மாற்ற வசதியாக இருந்தது நடைவழி ஓரமாக உள்ள ஒரே ஒரு இடம். அது ரொட்டிக்காரம்மாவுடையது. அவளுக்கு அடுத்து அவளுடைய புருஷன் விட்டுப்போன காலி.

அவள் வீட்டுக்குப் போனேன். ரொட்டி சுடுவதை விட்டு வெகுகாலமாகியும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டேதான் கதவைத் திறந்தாள்.

"அவனுக்கா? என் எடமா? நர்ஸம்மா, உங்களுக்குப் புத்தி கித்தி ஏதாவது இருக்கா?"

"நீங்க கொஞ்சம் உள்ள தள்ளி உக்காந்தாப் போதும்."

"என் வீட்டுக்காரர் மடியிலயா?"

"அவர் ஒண்ணும் சொல்லமாட்டாரு."

"உயிரோட இருந்தப்பவும் ஒண்ணும் சொல்லாதவருதான்" என்றாள். பிறகு முகம் இறுகியது. "போய்ச் சொல்லுங்க. ஊரைக் கெடுத்தவனுக்கு எடம் கிடையாதுன்னு."

வந்து அப்படியே சொன்னேன். நோயாளியிடம் நான் பொய் சொல்வதில்லை.

"குவாரியை மூடுனது நானா?" என்றார். பிறகு, "ஆனா மணி அடிச்சது நான்தான். கேட்டுட்டு அடிச்சிருக்கணும்" என்றார்.

"இதை அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"அவ எங்க பேசவிட்டா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளின் முணுமுணுப்பைக் கேளாமல், அவருக்குக் கம்பளி சுற்றி நாற்காலியை நேராக உள்ளே தள்ளினேன். "வேண்டாம் நர்ஸம்மா, வேண்டாம்" என்றார். அந்தப் பெஞ்சின் ஓரத்தில் நிறுத்திப் பிரேக்கைப் போட்டேன். வலப்பக்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இருமல்கூட இல்லை.

ரொட்டிக்காரம்மா அசையவில்லை. அவர்தான் பேசினார்.

"கேட்டுட்டு அடிச்சிருக்கணும், ரொட்டிக்காரம்மா. தப்புத்தான்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இதைச் சொல்ல இடுப்பு ஒடையணுமா உனக்கு?" சாமியார் வரும் மணி கேட்டது. அவள் விருட்டென்று உள்ளே நகர்ந்தாள். "உக்காரு. நான்தான் என்னைக்கோ செத்துட்டேனே. எனக்கும் சேத்துத்தானே அடிச்சே? செத்தவ எடம் காலிதான்."

"செத்தவங்க எடத்துல…"

"நான் சொல்றேன்ல, உக்காருய்யா! பூசை ஆரம்பிக்குது."

இடுப்புப் பட்டையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தேன். பூசை முழுக்க அவருடைய இருமலுக்கு அவள் உச்சுக்கொட்டிக்கொண்டே இருந்தாள். அன்று மதியம் அவர் தட்டைக் காலி செய்தார்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. பிறகு நெஞ்சுச் சளி மறுபடி வந்து அவரைக் கொண்டு போயிற்று. பெரிதாக அவஸ்தை இல்லை.

அடக்கத்தன்று மோட்டார் மணி தனக்குத் தெரிந்த ஒரே மாதிரி அடித்து ஓய்ந்தது. அப்புறம் பெஞ்சுப் பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. ரொட்டிக்காரம்மா விரல் முட்டியால், நிதானமாக, இடைவெளி விட்டுத் தட்டினாள். சாமியார் காத்திருந்தார். வலப்பக்கம் விரல்விட்டு எண்ணியது, நானும் எண்ணினேன். அவருடைய வயது எனக்கு மருந்துச் சீட்டிலேயே தெரியும். அதைத் தாண்டியும் இரண்டு தட்டு விழுந்தது.

வெளியே வரும்போது, "ரெண்டு கூடிப்போச்சும்மா" என்றேன்.

"தெரியும்" என்றாள். "அவன் எனக்குக் கூட்டினது அவ்வளவுதான்."