இடது அடித்து வலது

ஐயப்பன்தாங்கல் வீட்டு மொட்டை மாடியில் மகளுக்குப் பருப்பு சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். வயது இரண்டு. ஈரக்காற்று ஆகாதோ, கீழே போய்விடலாமா என்று அதற்குள் மூன்று முறை யோசித்தாயிற்று. பஸ் டெப்போவுக்கு மேலே ஒரு விமானம் கருமேகத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பியது.

"ஏரோப்ளேன் பாரு, ஆ காட்டு."

"வாணாம்."

அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவளும் சத்தமாக, "வாணாம்!"

இதே தப்பை முன்பும் செய்திருக்கிறேன், வேறோர் இடத்தில்.

கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். என்னிடம் போய் விமானங்களை ஒப்படைத்தார்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலை. பயிற்சி முடிந்து ரேடார் முன் தனியாக உட்கார்ந்த முதல் வாரம். வானத்தைக் கவனிக்கும் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, கேட்டால் சிரிப்பீர்கள். வெளியே அடைமழை என்பதே சக ஊழியை செல்வியின் ஈரக்குடை வாசனையில்தான் தெரிந்தது. செல்வி அண்ணனூர்க்காரி, பக்கத்து நாற்காலி.

இறங்கி வந்த ஒரு விமானத்தை இடப்பக்கம் திரும்பச் சொன்னேன். வலப்பக்கம், சற்றுக் கீழே, இன்னொன்று இருந்தது. அதனால்தான் இடது.

"அன்ஏபிள்" என்றார் விமானி. முடியாது என்று பொருள். எனக்கு முகம் சுட்டது. அதே உத்தரவை இன்னும் உரக்கச் சொன்னேன். அதே பதில்.

செல்வி என் பக்கம் சாய்ந்தாள். "இன்னாடி, கோச்சிக்கினியா? அந்தாளுக்கு லெப்ட் பக்கம் பூரா மேகம் நிக்குது. நீயா உள்ள பூந்து போவப் போற?"

விமானி முடியாது என்றால் வற்புறுத்தக் கூடாது. அவரும் தன்னிஷ்டத்துக்குத் திரும்பிவிட முடியாது. மேகம் அவருக்குத் தெரியும், மற்ற விமானங்கள் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விதிதான்.

"எந்தப் பக்கம் போக முடியும்?" என்று கேட்டேன். வலது என்றார். அவரை அதே உயரத்தில் பறக்கச் சொல்லி, கீழே இருந்ததை இன்னும் கீழே இறக்கி விலக்கினேன். பிறகு வலது கொடுத்தேன். நான் சொன்னதை அவர் வரிசையாகத் திருப்பிச் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வேனில், "கரெக்டாதானேடி சொன்னேன்?" என்று நச்சரித்தேன்.

"எந்தப் பக்கம்னு கேட்ட பாரு, அது கரெக்டு. ரெண்டாவது வாட்டி அதட்டுன பாரு, அது தப்பு. இப்போ என்னைத் தூங்க உடு."

மாடியில் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "சரி, இன்னா வேணும் உனக்கு?" மகள் வாழைப்பழத்தைக் காட்டினாள். பாதி பழம், நாலு வாய் சாதம் என்று முடிந்தது.

அப்போதெல்லாம் விமானத்துக்கு ஒரு காகிதப் பட்டை. உத்தரவை அதில் பேனாவால் எழுதுவோம். அன்றைய பட்டையில் 'இடது' என்று எழுதி, அடித்து, பக்கத்தில் 'வலது' என்று எழுதியிருந்தேன். அந்த அடித்தலை யார் பார்ப்பார்களோ என்று பல நாள் பயந்தேன். பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது பட்டைகள் இல்லை, எல்லாம் திரையில். புதிய உத்தரவைப் பதிந்தால் பழையது கண்ணை விட்டுப் போய்விடுகிறது. வலது மட்டும் நிற்கிறது, முதலிலேயே நான் அதைத்தான் சொன்னதுபோல.