வலிக்காத அக்காவின் கார்

ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "வலிக்காத அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். அவள் ஊசி போட்டால் எறும்பு கடித்த அளவுக்குக்கூடத் தெரியாது. நரம்பே அகப்படாத பெரியவர்களும் கத்தியே கூரையைப் பெயர்க்கும் குழந்தைகளும் அவளுடைய நாற்காலிக்குத்தான் காத்திருப்பார்கள். அவளுடைய கணவனும் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி. பள்ளி வேன் ஓட்டுகிற ஆறடி மனிதன், சர்க்கரை நோய்க்காரன், ஊசியைக் கண்டால் முகம் வெளுத்துவிடும். மனைவியைத் தவிர வேறு யாரிடமும் கையை நீட்ட மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமையானால் அந்தக் கைராசிக்காரியின் கை வேறு வேலை பார்க்கும். ரிமோட்டில் ஓடுகிற பந்தயக் கார். உண்மையில் அது கணவன் தனக்கென்று வாங்கியது. வாங்கிய வேகத்திலேயே இரண்டு தடவை சுவரில் மோதிவிட்டு, "இது நமக்குச் சரிப்படாது" என்று பரண்மேல் போட்டுவிட்டான். அவள் எடுத்துத் தூசி தட்டினாள். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு ஸ்பிரிங், ஒவ்வொன்றின் உள்ளேயும் எண்ணெய் நிரப்பிய ஒரு சின்னக் குழாய். எண்ணெய் ரொம்பக் கெட்டியாக இருந்தால் கார் சின்ன மேட்டில்கூடத் துள்ளும், ரொம்ப இளகலாக இருந்தால் வளைவில் சாய்ந்து தள்ளாடும். அதை மாற்றி இதை மாற்றி ஓட்டிப் பார்ப்பதில் அவளுக்குச் சோறு தண்ணீர் மறந்துபோகும்.

இந்தப் பைத்தியம் நாத்தனாரையும் தொற்றிக்கொண்டது. கணவனின் தங்கை, தையல் கடைக்காரி, அவளுடைய கத்தரிக்கோலைவிட வாய் கூர்மை. அவளும் அதே மாதிரி ஒரு கார் வாங்கினாள். ஒரு கிடங்குக்குப் பின்னால், சிமென்ட் தளத்தில் தண்ணீர்க் குழாயை நெளித்துப் போட்டுப் பாதை அமைத்திருந்தார்கள். அங்கே அண்ணிக்கும் நாத்தனாருக்கும் வாராவாரம் போட்டி. பெரும்பாலும் அண்ணிதான் ஜெயிப்பாள்.

மழைக்காலம் முடிந்ததும் வந்தது வினை. கார் வேகமெடுத்தால் இடப்பக்கம் இழுத்தது, பிரேக் பிடித்தால் வலப்பக்கம் ஓடியது. அவள் இப்படித் திருப்ப, அது அப்படிப் போக, நேர்ப்பாதையிலேயே பாம்பு மாதிரி நெளிந்தது. வீட்டுக்கு வந்து காரைப் பலகைமேல் வைத்துச் சோதித்தாள். பின்பக்கத்தின் நட்டநடுவே கத்தி நுனியைக் கொடுத்து மெல்லத் தூக்க வேண்டும். இரண்டு சக்கரமும் ஒன்றாக எழும்பினால் கார் நேர். ஒன்று முந்தினால் கார் முறுக்கிக்கொண்டிருக்கிறது, ஸ்பிரிங்மேல் இருக்கிற வளையத்தைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். முன்பெல்லாம் இதைச் சமையல் மேடைக் கல்லில் செய்வாள். காய் நறுக்குகிற இடத்தில் கிரீஸா என்று மூக்கைச் சுளித்த கணவன்தான் மழை விட்டதும் தன் கையாலேயே ஒரு பலகை செய்துகொடுத்தான், அதிலிருந்து வளையம் திருகுவதெல்லாம் அதன்மேல்தான். அந்தப் பலகையில் கார் அப்பழுக்கில்லாமல் இருந்தது. இரண்டு சக்கரமும் சொல்லிவைத்தாற்போல ஒன்றாக எழும்பின.

கார் சரி என்றால் கோளாறு எங்கே? தன் கையிலோ என்று அவளுக்குத் தோன்றியது. அவளுடைய அம்மாவுக்குக் கிட்டத்தட்ட இதே வயதில்தான் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் காபி டம்ளர் தளும்பியது, பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அவள் தன் கையையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். உற்றுப் பார்த்தால் எந்தக் கைதான் ஆடாது? ஒருநாள் ஒரு குழந்தைக்கு நரம்பு தவறி இரண்டாவது தடவை குத்த வேண்டியதாயிற்று. குழந்தை அழுததைவிட அவள் உள்ளுக்குள் அதிகம் அழுதாள். அடுத்த மாதத்திலிருந்து தன்னை ரிப்போர்ட் கொடுக்கிற கவுண்டரில் போடும்படி மேலாளரிடம் கேட்டுக்கொண்டாள். கணவனைப் பக்கத்து நாற்காலிக்கு அனுப்பினாள். அவன் முழங்கை மடிப்பில் நீலம் பாரித்துத் திரும்பி வந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனாருக்குக் கடையிலிருந்து போன் வந்தது. அவள் தன் ரிமோட்டை அண்ணி கையில் திணித்தாள். "ரெண்டு ரவுண்டு விட்டு டயரைச் சூடாக்கி வைங்க அண்ணி. பேசிட்டு வந்துடறேன்."

வேண்டாம் என்பதற்குள் போய்விட்டாள். அண்ணி பயந்துகொண்டேதான் விசையை அழுத்தினாள். கார் நூல் பிடித்தாற்போல நேராகப் போனது. பிரேக் பிடித்தாள், நேராக நின்றது. வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டி, இருப்பதிலேயே குறுகலான வளைவில் விட்டாள். தடுமாறாமல் போய்த் திரும்பி வந்தது. அதே கை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

நாத்தனார் ஓடி வந்தாள். "என்ன அண்ணி, என் காரை உடைச்சிட்டீங்களா?"

"இல்ல. நேரா போகுது."

"நேரா போறதுக்கா அழறீங்க?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் அண்ணியின் காரை வாங்கி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். இரண்டாவது வளைவிலேயே அது குழாய்மேல் ஏறிக் குப்புறக் கவிழ்ந்தது.

"இதை யார் ஓட்டினாலும் கை நடுங்கும்" என்றாள்.

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். பலகைமேல் அண்ணியின் காரை வைத்துத் தூக்கினார்கள், குறை சொல்ல முடியவில்லை. நாத்தனாரின் காரை வைத்துத் தூக்கினார்கள், ஒரு சக்கரம் முந்திக்கொண்டு எழுந்தது. நேராக ஓடுகிற கார் பலகையில் கோணல், கோணலாக ஓடுகிற கார் பலகையில் நேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாத்தனார் பலகையை எடுத்துச் சமையல் மேடைக் கல்லில் வைத்து ஒரு மூலையை அழுத்தினாள். டக் என்று எதிர் மூலை எழும்பியது.

"அண்ணா, இங்க வா. இதை எதுல செஞ்ச?"

"பழைய அலமாரிக் கதவு. நல்ல மரமாச்சே" என்றான் அவன் பெருமையாக.

"எங்க கிடந்தது?"

"மொட்டை மாடியில." கொஞ்சம் யோசித்தான். "மழையில லேசா நனைஞ்சிருக்கும்."

அண்ணி தன் கையைச் சந்தேகப்பட்ட விஷயத்தை நாத்தனார் போட்டு உடைத்தாள். அவனுடைய அசடு வழிந்த முகம் சட்டென்று மாறிவிட்டது. மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"என்னன்னுங்க சொல்றது? சொன்னா நிஜமாயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

அவன் பலகையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனான். உடைக்கப் போகிறவன்போலத்தான் போனான். "இருக்கட்டும், செருப்பு வெச்சுக்கலாம்" என்று அவள் தடுத்துவிட்டாள். காரைக் கல்லில் வைத்து வளையங்களைத் திருகினாள். மூக்கைச் சுளிக்க வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. சாயங்காலம் அதே தளத்தில் கார் சமர்த்தாக ஓடியது. அம்மாவுக்கு வந்தது நாளைக்குத் தனக்கும் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அது அவளுக்கும் தெரியும். இன்றைக்கு இல்லை. வயிற்றில் பால் வார்க்க அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை மேலாளரிடம் போய், கவுண்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள். அதற்குள் அவளுடைய நாற்காலியில் ஆறடிக்கு ஓர் ஆள், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, வெறும் வயிற்றோடு, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பலகை செஞ்சதுக்குத் தண்டனைன்னு நினைச்சுக்கோ, எவ்வளவு வேணா எடு" என்றான் கண்ணை இறுக மூடிக்கொண்டு.

அவள் கையைப் பிடித்தாள், பட்டையைக் கட்டினாள், நரம்பைத் தொட்டுப் பார்த்தாள். தன் கை ஆடுகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் பொறுக்க முடியாமல் கேட்டான்.

"எப்ப குத்தப் போற?"

"பஞ்சை அழுத்திப் பிடிங்க" என்றாள். "அடுத்த ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க."