சாசரில் வைத்த பட்டாணி வேர்

நெட்டி கனடாவின் சஸ்காட்செவானில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பனிப்புயலில்கூட ஒரு பிள்ளையையும் நடுவழியில் விட்டதில்லை. ஆனாலும் விதைப்புக் காலத்தில் அவள் கணவன் ஓரெஸ்ட் அவளை விதைப் பக்கம் அண்டவிடமாட்டான். பட்டாணி விதையில் அந்தக் கறுப்புப் பொடியைப் பிசறுவது அவன் ஒருவனுடைய ராஜ்ஜியம்.

"வெறும் பொடின்னு நெனைக்காதே. உள்ள கோடிக்கணக்குல பாக்டீரியா உயிரோட இருக்கு," என்பான். "வேர் மண்ணுக்குள்ள ஏதோ ரசாயனத்தைக் கசிய விடும். இதுங்க அதை மோப்பம் பிடிச்சுப் போய், 'வந்துட்டோம்'னு பதிலுக்கு ஒண்ணை விடும். அப்புறந்தான் வேர் உள்ள விடும்."

"என்கிட்ட நீ ஒரு வருஷத்துல இவ்வளவு பேசினதில்ல," என்பாள் நெட்டி.

ஜூன் கடைசியில் ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறுவான். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள நைட்ரஜனை அவை செடிக்கு ஊட்டத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அந்த வேரை ஒரு சாசரில் வைத்து அவள் காப்பிக்குப் பக்கத்தில் வைப்பான். மகாராஜன் அவளுக்குப் பூங்கொத்து வாங்கித் தந்ததே கிடையாது. இதுதான் பூங்கொத்து.

இந்த மே மாதம் ஓரெஸ்ட் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். பட்டாணியே கண்டிராத புது நிலத்தில் நெட்டி தனியாக விதைத்தாள். பொடி வாங்கிய அன்று வழியில் அவனைப் பார்க்கப் போனாள். அவன் பிடித்த கையை விடவில்லை. நாலு மணி நேரம். அதுவரை பொடிப் பை பிக்கப் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வெந்தது. வெயில் பட்டால் பாக்டீரியா செத்துவிடும் என்று பையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்; கணவன் சாகக் கிடக்கையில் எவள் பையைப் படிப்பாள்? உள்ளே எல்லாம் செத்த பின்னும் பொடி கறுப்பாகத்தான் இருந்தது. அதையே பிசறினாள்.

ஜூனில் பயிர் வெளிறி மஞ்சளித்தது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. வேர்கள் அத்தனை நாளும் மண்ணுக்குள் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன, வருவதற்கு யாருமில்லை. வயலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஆஸ்பத்திரியில் தினமும் அதே கேள்வி.

"முடிச்சு வந்துச்சா நெட்டி? அது வந்துட்டா நீ தனியா சமாளிச்சுடுவேன்னு எனக்கு நிம்மதி."

ஒரு நாள் பக்கத்து நிலத்துக்காரன் தாராஸின் வயலில் ஒரு செடியைப் பிடுங்கி, சாசரில் வைத்து எடுத்துப் போனாள். ஓரெஸ்ட் முடிச்சை நகத்தால் கீறினான். இளஞ்சிவப்பு. வேரில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தான்.

"அழகா இருக்கு," என்றான். "நீ பொழைச்சுக்குவே."

மூன்றாம் நாள் போய்விட்டான்.

அடக்கத்துக்கு மறுநாள் தாராஸ் யூரியா தூவும் வண்டியோடு வந்து நின்றான்.

"இது எதுக்கு?" என்றாள் நெட்டி.

"ஓரெஸ்ட் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணினாரு. 'அவ வயல்ல முடிச்சு பிடிக்கல, யூரியா போட்டு விடு. எனக்குத் தெரியும்னு அவகிட்ட மூச்சு விடாதே'ன்னாரு. என் வாயி நிக்கல."

"அவருக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?"

தாராஸ் தொப்பியைக் கழற்றினான். "உங்க நிலம் களிமண். அந்த வேர்ல ஒட்டியிருந்தது என் நிலத்து மணல்."

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பையில் சாசர் கழுவாமல் கிடந்தது, ஒரு சிட்டிகை மணலோடு. நெட்டி அதை எடுத்துக் காப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். காப்பி ஆறிப்போன பிறகும் அழுதுகொண்டிருந்தாள்.