சரிபார்த்தவர்: லதா

முருகேசன் சார் போய்விட்டார் என்று அவருடைய அக்கா மகன் கரமனையிலிருந்து ஃபோன் செய்தபோது, நான் ஆபீஸ் கேண்டீனில் டீக்கு வரிசையில் நின்றிருந்தேன். டீயை வாங்கிக் குடித்தும் விட்டேன். அழுகை பஸ்ஸில்தான் வந்தது.

எங்கள் பிரிவில் இருந்த உங்களுக்கு அவரைத் தெரியும். பிரம்மபுத்திராவின் மணல்தீவுகளை செயற்கைக்கோள் படங்களில் பார்த்துப் பார்த்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். அந்த ஆற்றில் ஒருநாளும் கால் நனைத்ததில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

ஒரே படத்தைப் பார்த்து ஆற்றின் கரைகளை நாங்கள் இருவரும் தனித்தனித் தாளில் வரைய வேண்டும், ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. அது அவர் வைத்த சட்டம். "ரெண்டும் ஒத்துப்போனாத்தான் கரை. இல்லாட்டி அபிப்பிராயம்" என்பார். சேர்ந்த புதிதில் மேகத்தின் நிழலை நான் ஒரு கிளையாறாக வரைந்து வைத்தேன். தன் தாளை என் தாள்மேல் வைத்துப் பார்த்தவர், "ஒங்க ஆறு மேகத்தோட போயிரும், லதா" என்றார். அதோடு சரி, பிறகு யாரிடமும் சொல்லிச் சிரிக்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு வருஷம் ஒருமுறை, வெள்ளம் வடிந்த படம் வந்ததும் கூப்பிடுவார். நாங்கள் முதலில் வரைந்த தீவைப் பற்றித்தான் கேட்பார். இந்தத் தையில் கூப்பிட்டபோது நான் மீட்டிங்கில் இருந்தேன்.

"நம்ம தீவு இருக்கா?"

"இருக்கு சார்."

படத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. சரி, நல்லது என்று வைத்துவிட்டார். எங்கள் கடைசிப் பேச்சு அதுதான்.

காரியத்துக்குப் போனபோது அக்கா மகன் ஒரு கட்டுத் தாள்களைக் கொண்டுவந்தான். "ஒங்க பேரு எழுதியிருக்கு, கேட்டியளா" என்றான். வருஷத்துக்கு ஒரு தாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படத்தை இறக்கி வரைந்திருக்கிறார் மனிதர். இந்த வருஷத் தாளில் இரண்டு கரைகள் மட்டும் இருந்தன, நடுவில் ஒன்றுமில்லை. கீழே அவர் கையெழுத்து:

வரைந்தவர்: முருகேசன். தீவு இல்லை.
சரிபார்த்தவர்: லதா. இருக்கிறது.
ஒத்துப்போகவில்லை. மறுபடி கேட்கணும்.

மறுநாள் ஆபீஸில் படத்தைத் திறந்தேன். வெறும் தண்ணீர்.

பார்த்துவிட்டேன் சார், இல்லை. இதை இனி எந்த நம்பருக்குச் சொல்வது? அந்தத் தாளை நான் வைத்துக்கொண்டேன். என் பெயருக்கு எதிரே இருப்பதைத் திருத்தவில்லை.